ஜஸ்டினா டாக்டரின் வீடு

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்காவில் டென்வர் நகரத்தில் ஒரு பழைய செங்கல் மாடிவீடு இருக்கிறது. பெரிய மாளிகை எல்லாம் இல்லை. ஜஸ்டினா ஃபோர்டு என்ற டாக்டரம்மா குடியிருந்து வைத்தியம் பார்த்த வீடு.

கொலராடோ மாநிலத்தில் மருத்துவ உரிமம் பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவர். வருடம் 1902. உரிமம் கிடைத்தும் ஆஸ்பத்திரியில் வேலை செய்ய விடவில்லை. கறுப்பின நோயாளிகளுக்கும் அங்கே இடமில்லை. அதனால் வீட்டையே மருத்துவமனை ஆக்கிக்கொண்டார். பிரசவம் என்றால் அவரவர் வீட்டுக்கே போவார். கையில் காசில்லாதவர்கள் கோழியோ காய்கறியோ கொடுத்தால் வாங்கிக்கொள்வார். 1952இல் இறக்கும்வரை சுமார் 7,000 பிரசவங்கள் பார்த்தார் என்கிறார்கள். ஊர் மருத்துவச் சங்கம் அவரைச் சேர்த்துக்கொண்டதே 1950இல்தான். எனக்கு இன்னும் ஆறவில்லை.

1984இல் அந்த வீடு இடிபட இருந்தது. பாரம்பரியக் கட்டடங்களில் அக்கறை உள்ளவர்கள் விடவில்லை. வீட்டை அப்படியே பெயர்த்து, வண்டியில் ஏற்றி, கலிஃபோர்னியா தெருவில் கொண்டுபோய் வைத்தார்கள். பாதுகாக்க வேண்டிய பழைய கட்டடங்கள், இடங்களின் பட்டியலான தேசிய வரலாற்றுப் பதிவேட்டில் இடம் மாறிய கட்டடத்தைச் சேர்ப்பது சுலபமில்லை. இதைச் சேர்த்தார்கள். இப்போது அங்கே அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் வாழ்ந்த கறுப்பின மக்களின் வரலாற்றைச் சொல்லும் அருங்காட்சியகம் இருக்கிறது.

சரி, இப்படிப்பட்ட வீடுகளைப் பழுதுபார்க்கப் பணம்? 1990இல் கொலராடோ மக்கள் வாக்களித்து ஒரு வழி செய்தார்கள். மூன்று பழைய சுரங்க ஊர்களில் சூதாட்டத்துக்கு அனுமதி. அதிலிருந்து வரும் வரியில் 28 சதவீதம் வரலாற்றுப் பாதுகாப்பு நிதிக்கு. மானியம் கேட்கும் கட்டடம் வரலாற்றுக் கட்டடமாக முறைப்படி பதிவாகியிருக்க வேண்டும். செலவில் ஒரு பங்கைக் கேட்பவரும் போடவேண்டும். பதிவுதான் முதல் படி என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

அப்புறம், பணம் வந்ததும் சிமென்ட் மூட்டையோடு இறங்கிவிடக் கூடாது. அந்தக் காலத்துச் செங்கல் மென்மையானது. சுண்ணாம்புக் காரையோடுதான் ஒத்துப்போகும். இடைவெளியில் சிமென்டை அடைத்தால் உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் செங்கல்லே பொரிந்து உதிரும். பழைய காரையில் ஒரு துண்டை எடுத்து, சுண்ணாம்பும் மணலும் எந்த அளவில் சேர்ந்திருக்கின்றன என்று சோதித்து, அதே அளவில் புதுக்காரை குழைக்க வேண்டும். நாள் பிடிக்கும் வேலை. விண்ணப்பத்தில் அந்த நாட்களுக்கும் சேர்த்தே பணம் கேளுங்கள்.