நிலவின் இரவுக்கு மின்சாரம்

(நாமக்கல்லில் கல்லூரி மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கமுங்க.

நம்ம பக்கத்தில் மின்சாரம் எப்படி வருகிறது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலை, மேட்டூரில் தண்ணீர், மில் கூரைகளில் சோலார் தகடு. நிலவில் காற்று கிடையாது, ஓடுகிற தண்ணீரும் கிடையாது. மிஞ்சுவது வெயில். மறைக்க மேகமே இல்லாததால் ஒரு சதுர மீட்டரில் சுமார் 1,360 வாட் முழுசாக விழுகிறது.

அப்புறம் என்ன கஷ்டம்? ராத்திரிதான். அங்கே பகல் நம் கணக்கில் சுமார் 14 நாள், இரவும் அதே அளவு. குளிர் மைனஸ் 100 டிகிரிக்கும் கீழே போய்விடும்.

சந்திரயான்-3 இறங்கியது 2023 ஆகஸ்ட் 23. தரையிறங்கிய கலம் விக்ரமின் தகடுகள் தந்தது 738 வாட், அதிலிருந்து இறங்கி உருண்ட வண்டி பிரக்யானுக்கு வெறும் 50 வாட். வீட்டில் பழைய சீலிங் ஃபேன் ஒன்றை ஓட்டவே அது பத்தாது. அதை வைத்துத்தான் அந்தச் சின்ன வண்டி உருண்டுபோய், மண்ணில் கந்தகம் இருப்பதை உறுதிசெய்தது. இருட்டும் முன்னால் பேட்டரியை நிரப்பி, அடுத்த உதயத்தில் வெயில் படுகிற மாதிரி தகட்டைத் திருப்பி வைத்து உறங்கவிட்டார்கள். விடிந்தது, அது எழவில்லை. ஒரு பகலுக்காகச் செய்தது அந்த ஒரு பகலை நிறைவாக முடித்தது. எனக்கு அதில் பெருமைதான். ஆனால் மனிதர் தங்க வேண்டுமானால் இரவைத் தாண்டியாக வேண்டும்.

அமெரிக்காவின் அப்பல்லோ 11 வைத்த நிலநடுக்கமானி வெயிலை நம்பியது, சில வாரங்களில் அடங்கிவிட்டது. அப்பல்லோ 12 முதல் புளூட்டோனியத்தின் சூட்டில் மின்சாரம் எடுத்தார்கள். அந்தக் கருவிகளை 1977-ல் நாசாவே நிறுத்தும்வரை தகவல் வந்தது. 2022-ல் நாசா நிலவுக்கென்று 40 கிலோவாட் அணு உலைக்குத் திட்டம் போட்டது. 5 குதிரைத்திறன் கிணற்று மோட்டார் பத்தை ஓட்டலாம், அவ்வளவுதான்.

தென்துருவத்தில் இன்னொரு வழி உண்டு. நிலவின் அச்சு ஒன்றரை டிகிரிதான் சாய்ந்திருப்பதால், அங்கே சூரியன் அடிவானத்தை ஒட்டியே சுற்றும். சில மேட்டு முகடுகளில் ஆண்டின் பெரும்பகுதி வெளிச்சம் இருக்கும். தகட்டைப் படுக்க வைத்தால் பயனில்லை, உயரமான கம்பத்தில் நிமிர்த்திக் கட்ட வேண்டும். ஆனால் தண்ணீருக்கு வேண்டிய பனி கிடப்பது கீழே, வெயிலே படாத பள்ளத்தில். மேட்டிலிருந்து பள்ளத்துக்குக் கேபிள் இழுக்க வேண்டும்.

இத்தனை தகட்டையும் கம்பியையும் பூமியிலிருந்து சுமந்து போக முடியுமா? கட்டுப்படியாகாது. அங்குள்ள கல்லிலிருந்தே செய்ய வேண்டும். நிலவின் வெண்மேடுகள் அனார்த்தோசைட் பாறை. நம் மாவட்டத்துச் சித்தம்பூண்டியிலும் அதே வகைப் பாறைதான். இங்கிருந்து எடுத்துப் பொடியாக்கிய மண்ணில்தான் இஸ்ரோ சோதனை ஓட்டம் பார்த்தது. அந்தக் கல்லுக்குள் தகடுக்கு வேண்டிய சிலிக்கான் இருக்கிறது, கம்பிக்கு வேண்டிய அலுமினியம் இருக்கிறது, மூச்சுக்கு ஆக்ஸிஜனும் இருக்கிறது. உருக்கி, மின்சாரம் பாய்ச்சிப் பிரிக்க வேண்டும். செயற்கை நிலவு மண்ணிலிருந்து இப்படிச் சோலார் செல் செய்ததாக 2023-ல் ப்ளூ ஆரிஜின் என்ற அமெரிக்க விண்வெளி நிறுவனம் அறிவித்தது.

ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடுகிற தம்பி தங்கைகளே, சித்தம்பூண்டிக் கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கோயம்புத்தூர் ஃபவுண்டரிகளில் இரும்பு உருக்கியே வாழ்ந்தவர்கள் இருக்கிறார்கள். கல் உருக்குவது வேறு வித்தைதான். ஆனாலும் உருக்குகிற பாத்திரமான மூசையில் எது எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்று அவர்களிடம் போய்க் கேளுங்கள், சொல்லித் தருவார்கள்.