நண்டுக்காகச் சாலையை மூடும் தீவு! தேய்பிறை அஷ்டமிக்கு முன் கடலைத் தொடும் கோடிக்கணக்கான நண்டுகள்

(காட்சி: மழையில் நனைந்த தார்ச்சாலை. புதரிலிருந்து ஒரு சிவப்பு நண்டு எட்டிப் பார்க்கிறது. கேமரா மேலே எழும்ப, சாலை முழுவதும் சிவப்பு.)

நண்டு கொழுத்தால் வளையில் தங்காது என்று சொல்வோம். இந்தத் தீவில் பருவத்தின் முதல் மழை விழுந்தால் போதும், வளர்ந்த நண்டுகள் பெரும்பாலும் வளையில் தங்காது. நூறு, ஆயிரம் இல்லை, கோடிக்கணக்கில்! காடு, சாலை, வீட்டு வாசல் எல்லாம் தாண்டிக் கடலுக்குப் போகின்றன. அவை போகட்டும் என்று மனிதர்கள் சாலையை மூடிவிட்டுக் காத்திருக்கிறார்கள். வணக்கம் நண்பர்களே, இன்று கிறிஸ்துமஸ் தீவுக்குப் போகிறோம்.

முன்கதையைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். இந்தியப் பெருங்கடலில், ஜாவாவுக்குத் தெற்கே சுமார் 350 கிலோமீட்டரில் இருக்கிறது, ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தம். பரப்பு 135 சதுர கிலோமீட்டர், பாதிக்கு மேல் தேசியப் பூங்கா. 1643-இல் கிறிஸ்துமஸ் அன்று ஓர் ஆங்கிலேயக் கப்பல் இந்த வழியாகப் போனதால் இந்தப் பெயர். சரி, நண்டுக்கு வருவோம்.

இது தரையில் வாழும் நண்டு. ஆனால் மூச்சு விடுவது செவுளால். செவுள் காய்ந்தால் உயிர் போய்விடும். அதனால் மழையில்லாத காலத்தில் வளைக்குள் இறங்கி, வாசலை இலைகளால் அடைத்துக்கொண்டு கிடக்கும். அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் மழை தொடங்கியதும் பயணம். முதலில் ஆண்கள், பின்னாலேயே பெண்கள்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடம். கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

பெண் நண்டு முட்டையை எப்போது கடலில் விடும் தெரியுமா? தேய்பிறை அரைநிலா நாட்களில், விடிவதற்கு முன், ஏறிய கடல் வற்றத் தொடங்கும் நேரத்தில். தேய்பிறை அரைநிலா என்றால் நம் காலண்டரில் அஷ்டமி வாக்கில். நல்ல காரியத்துக்கு ஆகாது என்று நாம் தள்ளி வைக்கிற அதே அஷ்டமி! நண்டுக்கு அதுதான் முகூர்த்தம். காரணமும் இருக்கிறது. அமாவாசை, பௌர்ணமியில் சூரியனும் நிலாவும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதால் கடல் ஏறுவதும் வற்றுவதும் அதிகம். அஷ்டமியில் இரண்டும் வேறு வேறு பக்கம் இழுக்கின்றன. ஏற்ற இறக்கம் குறைந்துவிடும். தரை நண்டுக்கு ஆழக்கடலில் பிழைக்கத் தெரியாது, அலை இழுத்துப் போனால் முடிந்தது. அதனால் பாறை ஓரத்தில் தண்ணீர் அடங்கியிருக்கும் நாளாகப் பார்த்து வருகிறது.

அந்த நாளிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கரைக்கு வர வேண்டும். ஆண் நண்டு வளை தோண்ட வேண்டும், மற்ற ஆண்களோடு சண்டை போட்டு அதைக் காக்க வேண்டும். இணை சேர்ந்ததும் ஆண்கள் காட்டுக்குத் திரும்பிவிடும். பெண் நண்டு கிட்டத்தட்ட இரண்டு வாரம் ஈரமான வளைக்குள் முட்டை சுமக்க வேண்டும். மழை சீக்கிரம் வந்துவிட்டால் வழியில் இலை தின்றுகொண்டு, ஆற அமர நடக்கின்றன. தாமதமானால் ஓட்டமும் நடையும்தான். ரொம்பவே தாமதமானால்? அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று சில நண்டுகள் வளையிலேயே இருந்துவிடும்! இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

(காட்சி: இருட்டு, பாறை விளிம்பு, ஒரே ஒரு நண்டு.)

இதோ, பாருங்கள். பாறையை இறுகப் பிடித்து, கொடுக்குகளைத் தூக்கி, உடம்பையே உலுக்குகிறது. வயிற்று மடிப்பிலிருந்து கருஞ்சாந்து போலக் கொட்டுகிறதே, அதில் ஒரு லட்சம் முட்டைகள் வரை இருக்கும். தண்ணீர் பட்ட நொடியே பொரிந்துவிடும். அந்தக் குஞ்சுகளைத் தின்னத் திமிங்கலச் சுறாக்கள் வருகின்றன.

சாலைக்கு மேலே ஐந்து மீட்டர் உயரத்தில் நண்டுகளுக்கென்றே பாலம் கட்டியிருக்கிறார்கள். அடியில் சுரங்கப்பாதைகளும் உண்டு. வண்டியில் போகிறவர்கள் இறங்கி, வாருகோலால் நண்டுகளை மெதுவாக ஒதுக்கிவிட்டுத்தான் நகர்கிறார்கள். நீங்கள் போனால் இந்த மாதங்களில் நடந்தே சுற்றுங்கள். அப்புறம், நான்கு கிலோ வரை வளரும் தென்னை நண்டும் அங்கே உண்டு. பாத்திரத்தை வெளியே வைத்தால் இழுத்துப் போய்விடும்.

இவ்வளவு பெரிய கூட்டத்தை ஆட்டிப்படைத்தது ஒரு சின்ன எறும்பு. மனிதர்களோடு தெரியாமல் வந்து சேர்ந்த மஞ்சள் எறும்பு 1989 முதல் பெரும் கூட்டங்களாகப் பெருகி, அமிலத்தைப் பீய்ச்சிக் கோடிக்கணக்கான நண்டுகளைக் கொன்றது. அந்த எறும்புக்குத் தீனி, மரத்துச் செதில் பூச்சி சுரக்கும் இனிப்பு நீர். அதனால் 2016-இல் மலேசியாவிலிருந்து ஒரு பொடிக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். அது செதில் பூச்சியை ஒழிக்கும். இனிப்பு குறைந்தால் எறும்பும் குறையும். விஷம் தூவுவதைவிட இந்த யோசனைதான் எனக்குச் சரியாகப் படுகிறது. உங்கள் கருத்தைக் கமெண்ட்டில் எழுதுங்கள்.

கடலில் போன குஞ்சுகள்? பல வருடங்களில் ஒன்றிரண்டுகூடத் திரும்புவது அரிது. ஆனால் பத்து வருடத்தில் ஓரிரு முறை, ஒரு மாதம் கழித்து, கரைப் பாறையெல்லாம் இளஞ்சிவப்பாகிவிடும். ஒவ்வொன்றும் ஐந்து மில்லிமீட்டர். கிட்ட போய்க் குனிந்து பார்த்தால்தான் கால் தெரியும். இதுவரை பார்த்தே இராத காட்டை நோக்கி ஒன்பது நாள் நடக்கின்றன.