வேணும்னே தீ வச்சுப் பார்த்தாங்க! வெயில்ல தண்ணியைப் பிரிக்கிற ஜப்பான் பவுடர்

[திரையில்: வெயில்ல வரிசை வரிசையா சாய்ச்சு வச்ச கண்ணாடித் தட்டுகள்]

ஒரு குழாய்க்குள்ள ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கலந்து நிக்குது. ரெண்டு பங்கு ஹைட்ரஜன், ஒரு பங்கு ஆக்சிஜன். ஒரு சின்னப் பொறி பட்டாப் போதும், வெடிச்சிடும். அந்தக் கலவைக்கு ஜப்பான்ல ஒரு ஆராய்ச்சிக் குழு வேணும்னே தீ வச்சுப் பார்த்தாங்க! ஏன் வச்சாங்க, வச்சப்ப என்ன ஆச்சு? சொல்றேன். அதுக்கு முன்னாடி ஒரு பவுடரைப் பத்திப் பேசியே ஆகணும். இந்தக் கதையில எனக்கு ரொம்பப் பிடிச்சதே அந்தப் பவுடர்தான்.

வணக்கம் மக்களே. முன்கதையை வேகமா முடிச்சிடுறேன். தண்ணியில கரண்ட் விட்டா ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் பிரியும், இது ஸ்கூல் பாடம். வெளிச்சத்தை வச்சே தண்ணியைப் பிரிக்கலாம்னு ஃபுஜிஷிமா, ஹோண்டான்னு ரெண்டு ஜப்பான் விஞ்ஞானிகள் 1972-ல 'நேச்சர்' இதழ்ல எழுதினாங்க. அடுத்த வருஷமே எண்ணெய் நெருக்கடி. பல நாட்டு லேப்களும் இதுல இறங்கிடுச்சு.

அப்படி இறங்கினவர்தான் நம்ம ஹீரோ, கசுனாரி டொமென். டோக்கியோ பல்கலைக்கழகம், ஷின்ஷு பல்கலைக்கழகம் ரெண்டுலயும் வேலை பார்க்கிறவர். அவர் கையில எடுத்த பொருள் ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட். அதை வச்சு தண்ணியைப் பிரிச்சு 1980-லயே கட்டுரை போட்டவர், 40 வருஷம் கழிச்சு 2020-ல அதே பொருளை வச்சு மொத்த துறையையும் நிமிர்ந்து பார்க்க வச்சார். நடுவுல எத்தனையோ புதுப் பொருள்கள்ல வேலை செஞ்சிருக்கார். ஆனா இந்தப் பழைய பவுடரை விடல. எனக்கு இவர் மேல மரியாதை வந்த இடமே அதுதான்.

[திரையில்: ஒரே ஒரு துகள், பெருசாக்கி]

இப்ப துகளுக்குள்ள போவோம். வெளிச்சம் பட்டதும் உள்ள ஒரு எலக்ட்ரான் கிளம்பும். அது இருந்த இடம் காலியாகும், அதுக்குப் பேரு ஹோல். எலக்ட்ரான் மேற்பரப்புக்கு வந்தா ஹைட்ரஜன் உருவாகும், ஹோல் வந்தா ஆக்சிஜன் உருவாகும். ஆனா வர்ற வழியிலேயே ரெண்டும் மோதிக்கிட்டா எல்லாம் போச்சு, வெளிச்சம் வெறும் சூடா மாறிடும். இத்தனை வருஷமா இந்தத் துறையோட தலைவலியே இதுதான்.

நம்ம டவுன் பஸ்ஸை நினைச்சுப் பாருங்க. ஒரே வாசல்ல ஏறுறவங்களும் இறங்குறவங்களும் முட்டிக்கிட்டா பஸ் நகருமா? முன்வாசல்ல இறங்கு, பின்வாசல்ல ஏறுன்னு கண்டக்டர் கத்துறது அதுக்குத்தான். டொமென் குழு செஞ்சது துகளுக்கு ரெண்டு வாசல் வச்ச வேலை. ஒவ்வொரு துகளும் ஒரு குட்டிக் கனசதுரம், விளிம்பை மட்டும் லேசா சீவிவிட்ட வடிவம். எலக்ட்ரான்கள் தட்டையான முகங்களுக்குப் போகும், ஹோல்கள் சீவின விளிம்புக்குப் போகும். இந்த பஸ்ஸுக்குக் கண்டக்டரே தேவையில்ல, படிகத்தோட அமைப்பே பிரிச்சு அனுப்பிடும்.

அடுத்து ஒவ்வொரு வாசல்லயும் ஒரு வினையூக்கி வேணும், அதாவது கேட்டலிஸ்ட். ஹைட்ரஜன் பக்கம் ரோடியம், ஆக்சிஜன் பக்கம் கோபால்ட். கண்ணுக்கே தெரியாத துகள்ல சரியான பக்கம் பார்த்து உலோகத்தை எப்படி ஒட்டுவீங்க?

இந்த வீடியோல இதை மட்டும் தயவுசெஞ்சு தள்ளிவிடாம பாருங்க. பவுடரைத் தண்ணியில போட்டு, ரோடியம் உப்பைக் கலந்து, வெளிச்சத்தைக் காட்டினாங்க. எலக்ட்ரான் எந்த முகத்துக்கு வருதோ அந்த முகத்துலயே ரோடியம் படிஞ்சிடுச்சு! அடுத்து குரோமியம் உப்பு, மறுபடி வெளிச்சம். அது போய் ரோடியம் மேல ஒரு மெல்லிசான போர்வையா உட்கார்ந்துச்சு. கடைசியா கோபால்ட் உப்பு. ஹோல் வர்ற விளிம்புல அது படிஞ்சுது. பின்னால எந்த வெளிச்சம் வேலை வாங்கப் போகுதோ, அந்த வெளிச்சமே வினையூக்கியை அதது இடத்துல வச்சிடுச்சு. இதை முதல்ல படிச்சப்ப எனக்குப் புல்லரிச்சுப் போச்சு.

குரோமியம் போர்வை எதுக்கு? ரோடியத்துக்கு ஒரு கெட்ட பழக்கம் இருக்கு. பிரிஞ்ச ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் திரும்பச் சேர்த்து தண்ணியாக்கிடும். போர்வை ஆக்சிஜனைக் கிட்ட விடாது, ஹைட்ரஜனை மட்டும் வெளிய விடும்.

இன்னொண்ணு, அலுமினியம். இந்தப் பவுடரை உருகின உப்புல போட்டு, ஆயிரம் டிகிரிக்கு மேல சூடாக்கித்தான் தயாரிக்கிறாங்க. முன்னாடி நடந்த ஒரு ஆராய்ச்சியில அலுமினா மூசையில, அதாவது அலுமினியம் ஆக்சைடுல செஞ்ச கிண்ணத்துல வச்சு சூடாக்கினப்ப, மூசையிலிருந்தே கொஞ்சம் அலுமினியம் கரைஞ்சு துகளுக்குள்ள ஏறிடுச்சு. அது துகளோட உள்குறைகளைக் குறைச்சதால எலக்ட்ரானும் ஹோலும் மோதிக்கிறதும் குறைஞ்சுது. வேற மூசையில சூடாக்கினப்ப தண்ணியைப் பிரிக்கிற வேகம் இந்த அளவுக்கு வரல.

இப்ப ரிசல்ட். 350 முதல் 360 நானோமீட்டர் அலைநீள வெளிச்சத்துல இந்தப் பவுடரோட குவாண்டம் திறன், அதாவது வந்த ஒளித்துகள்ல எத்தனை வேலைக்கு ஆகுதுங்கிற கணக்கு, 96 சதவீதம் வரைக்கும் போச்சு. உள்ள வந்த ஒளித்துகள் கிட்டத்தட்ட ஒண்ணுகூட வீணாகல.

இதை வச்சு "96 சதவீத வெயில் எரிபொருளா மாறுது"ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. அந்த 350, 360 எல்லாம் புற ஊதாக் கதிர். தரைக்கு வர்ற வெயில்ல மொத்தப் புற ஊதாவும் சுமார் 5 சதவீதத்துக்குள்ளதான். நம்ம கண்ணுக்குத் தெரியிற வெளிச்சம் பூரா இந்தப் பவுடரைத் தாண்டிப் போயிடும்.

[திரையில்: மறுபடி கண்ணாடித் தட்டுகள்]

சரி, தீ வச்ச கதைக்கு வருவோம். இபராகி மாகாணத்துல டோக்கியோ பல்கலைக்கழகத்துக்கு ஒரு ஆராய்ச்சி இடம் இருக்கு. 25 சென்டிமீட்டர் சதுரத் தட்டுல இந்தப் பவுடரை ஸ்ப்ரே பண்ணி, மேல கண்ணாடி மூடி, நடுவுல தண்ணிக்கு வெறும் 0.1 மில்லிமீட்டர் இடைவெளி விட்டாங்க. அப்படி 1,600 தட்டு, மொத்தம் 100 சதுர மீட்டர். 2021-ல 'நேச்சர்'ல வந்துச்சு.

இதுல ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் ஒரே இடத்துல கலந்துதான் வெளிய வரும். "இது வெடிகுண்டு ஆச்சே"ன்னு எல்லாரும் கேட்கிற கேள்வி. வாயால பதில் சொல்லாம, தட்டு, குழாய், வடிகட்டின்னு ஒவ்வொண்ணுலயும் பத்த வச்சே பார்த்துட்டாங்க. எதுவும் உடையல! இடைவெளி அவ்வளவு குறுகலா இருந்தா சேர்ற வாயுவும் குறைவு, தீ பரவவும் வழியில்ல. அப்புறம் பாலிஇமைடு சவ்வு வழியா விட்டு ஹைட்ரஜனைத் தனியாப் பிரிச்சாங்க. அந்த அமைப்பு மாசக்கணக்குல திறந்தவெளியில ஓடுச்சு.

வெயிலிலிருந்து ஹைட்ரஜனுக்கு மாறின திறன்? அதிகபட்சம் 0.76 சதவீதம். நல்ல உச்சி வெயில்ல 100 சதுர மீட்டர்ல சுமார் 100 கிலோவாட் விழுதுன்னு வச்சுக்கிட்டா, ஹைட்ரஜனா கைக்கு வர்றது 760 வாட்.

"சோலார் பேனல்ல கரண்ட் எடுத்து, அதுல தண்ணியைப் பிரிச்சா இதைவிடப் பல மடங்கு வருமே"ன்னு நீங்க கேட்டா, அது நூத்துக்கு நூறு நியாயமான கேள்வி. இன்னிக்குக் கணக்குல பேனல்தான் ஜெயிக்கும். ஆனா இங்க ஒயர் இல்ல, இன்வெர்ட்டர் இல்ல, கரண்ட்ல தண்ணியைப் பிரிக்கிற எலக்ட்ரோலைசர் இல்ல. ஒரு பவுடர், ஒரு ஸ்ப்ரே, ஒரு கண்ணாடி. இது 5, 10 சதவீதத்தைத் தொட்டா விலைக் கணக்கே மாறும். இன்னிக்கு உலகம் செய்ற ஹைட்ரஜன் பெரும்பாலும் இயற்கை எரிவாயு, நிலக்கரியிலிருந்துதான் வருது. நம்ம வயலுக்குப் போடுற யூரியா வரைக்கும் அதை நம்பித்தான் இருக்கு. அதனாலதான் 0.76-ஐப் பார்த்து யாராவது உதட்டைப் பிதுக்கினா எனக்கு மனசு கேட்க மாட்டேங்குது. தட்டு ரெடி, சவ்வு ரெடி, பாதுகாப்பு நிரூபிச்சாச்சு. வேண்டியது கண்ணுக்குத் தெரியிற வெளிச்சத்தையும் உறிஞ்சுற பவுடர்.

அமெரிக்காவுல மிச்சிகன் பல்கலைக்கழகக் குழு 2023-ல இண்டியம் காலியம் நைட்ரைடை வச்சு 9 சதவீதத்தைத் தாண்டிச்சு. ஆனா அங்க வெளிச்சத்தைக் குவிச்சு, தண்ணியை 70 டிகிரி சூட்டுல வச்சாங்க. டொமென் குழுகிட்ட இட்ரியம், டைட்டானியம், ஆக்சிஜன், கந்தகம் நாலும் சேர்ந்த ஒரு பவுடர் இருக்கு. 640 நானோமீட்டர் வரைக்கும், அதாவது சிவப்பு வெளிச்சம் தொடங்குற இடம் வரைக்கும் உறிஞ்சும். தண்ணியையும் பிரிக்குது. 2019-ல வெளியானப்ப அதோட குவாண்டம் திறன் 1 சதவீதத்தைக்கூடத் தொடல. ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட்டுக்கு வச்ச அதே ரெண்டு வாசலை இதுக்கும் வைக்க முடியுமா? கந்தகம் இருக்கிற பொருள்ல ஹோல்கள் தண்ணியை விட்டுட்டு அந்தக் கந்தகத்தையே அரிக்கப் பார்க்கும், சிக்கலே அங்கதான். கெமிஸ்ட்ரி படிக்கிறவங்க, கேட்டலிசிஸ் லேப்ல இருக்கிறவங்க யாராவது பார்த்துக்கிட்டு இருந்தா, அந்த அரிப்பை எப்படித் தடுக்கலாம்னு கமெண்ட்ல எழுதுங்க. நான் ஒவ்வொண்ணா உட்கார்ந்து படிக்கிறேன்.