‘இல்லை’ என்று குறித்தது யார்?

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் பெரியவர் அவர்களே, எனக்கு முன்னால் அரை மணி நேரம் சட்டத்தை எல்லோருக்கும் புரிகிற மாதிரி விளக்கி அமர்ந்திருக்கும் ஓய்வு பெற்ற நீதிபதி ஐயா அவர்களே, அன்போடு அழைத்த செயலாளர் அம்மா அவர்களே, அனைவருக்கும் வணக்கம். முன்வரிசையில் மருத்துவர் அம்மா ஒருவர் இருக்கிறார். வாழ்நாளெல்லாம் தடுப்பூசிப் பணி செய்தவர். கட்டாய மருத்துவ உத்தரவால் பாதிக்கப்பட்டேன் என்பவரின் குரலைக் கேட்க வேண்டும் என்ற இந்தத் தலைப்பில் அவர் முன்னால் பேசலாமா என்று மேடை ஏறும் முன் அவரிடமே கேட்டேன். “தாராளமாகப் பேசுங்கள், நாங்களும் கேட்க வேண்டியதுதான்” என்றார். அந்தப் பெருந்தன்மைக்கு என் முதல் நன்றி.

மூன்று விஷயம் பேச வந்திருக்கிறேன். சொந்த அனுபவம் எப்படி அரசியல் கருத்தாக மாறுகிறது என்பது ஒன்று. அவநம்பிக்கை எப்படித் தலைமுறை தாண்டுகிறது என்பது இரண்டு. கட்டாய உத்தரவு போடுகிறவர்கள் என்ன செய்ய வேண்டும் என்பது மூன்று.

என் அம்மா எந்தக் கூட்டத்துக்கும் போனவர் அல்ல. ஆனால் ஒரு பழமொழியை வாய் ஓயாமல் சொல்வார்: “தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்.” அரசியல் கருத்து எங்கே பிறக்கிறது என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். புத்தகம் பிறகு வரும், கட்சி பிறகு வரும், உடம்பும் வீடும்தான் முதலில் கற்றுக்கொடுக்கின்றன.

1902-ஆம் வருடம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கேம்பிரிட்ஜ் என்ற நகரம். பெரியம்மை பரவுகிறது. கடந்த ஐந்து வருடத்தில் குத்திக்கொள்ளாத எல்லோரும் அம்மை குத்திக்கொள்ள வேண்டும் என்று நகரச் சுகாதார வாரியம் உத்தரவு போடுகிறது. மறுத்தால் 5 டாலர் அபராதம். அங்கே ஹென்னிங் ஜேக்கப்சன் என்று ஒரு பாதிரியார். நாற்பதைத் தாண்டியவர், சுவீடனில் பிறந்தவர். சுவீடனில் 1816-லேயே அம்மை குத்துவது கட்டாயம். சின்ன வயதில் அங்கே குத்திக்கொண்டு நெடுநாள் கஷ்டப்பட்டதாக அவர் சொன்னார். தன் மகனுக்கும் அப்படியே ஆயிற்று என்றார். இப்போது மறுபடியும் கையை நீட்டு என்கிறார்கள். நீட்ட மாட்டேன் என்றுவிட்டார்.

சரி, வழக்கு வந்தது. தன் உடம்பில் நடந்ததைச் சாட்சியமாகச் சொல்லப் பார்த்தார். அது இந்த வழக்குக்குத் தேவையில்லை என்று விசாரணை நீதிமன்றம் ஏற்க மறுத்துவிட்டது. இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும் ஐயா. அபராதம் 5 டாலர்தான். ஆனால் அந்த மனிதரிடம் இருந்ததே அந்த ஒரு கதைதான், அதைத்தான் வாசலிலேயே நிறுத்தினார்கள். அந்தச் சட்டத்தில் மருத்துவர் சான்று தந்தால் குழந்தைகளுக்கு விலக்கு உண்டு. பெரியவர்களுக்கு அப்படி ஒரு வழி எழுதப்படவே இல்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1905-இல் ஏழுக்கு இரண்டு என்று தீர்ப்பு, ஜேக்கப்சன் தோற்றார். பொது நலனுக்காகக் கட்டாயப்படுத்த மாநிலத்துக்கு உரிமை உண்டு என்றார்கள்.

தீர்ப்பு தவறு என்று நான் சொல்லவில்லை. பெரியம்மையை ஒழித்தது தடுப்பூசிதான். 1980-இல் உலகமே அதை அறிவித்துக் கொண்டாடியது. ஜேக்கப்சன் அஞ்சிய அளவுக்கு ஊசி ஆபத்தானதும் அல்ல. ஆனால் அவர் ஏன் அஞ்சினார் என்று காது கொடுத்துக் கேட்க ஒரு நாற்காலி கூடப் போடவில்லையே! தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். வந்தவன் சொல்லும்போதும் கேட்கவில்லை என்றால் வேறு எப்படித்தான் தெரியும்?

அப்புறம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். 1927-இல் கேரி பக் என்ற இளம்பெண்ணுக்கு வர்ஜீனியா மாநிலம் கட்டாயக் கருத்தடை செய்யலாம் என்று அதே உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. அதற்கு மேற்கோள் காட்டியது எதை? ஜேக்கப்சன் வழக்கை. அம்மை குத்துவதற்குத் தந்த அதிகாரத்தை அந்தப் பெண்ணின் கருக்குழாய் வரைக்கும் நீட்டினார்கள். எதற்கு, எது வரைக்கும் என்ற எல்லையை ஓர் உத்தரவில் எழுதாமல் விட்டால் இதுதான் நடக்கும்.

இரண்டாவது விஷயத்துக்கு நேரம் போதாது என்று தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார், மன்னிக்க வேண்டும். இரண்டு பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். அமெரிக்காவின் டஸ்கீகி என்ற ஊர்: 1932 முதல் 1972 வரை, சிபிலிஸ் என்ற பால்வினை நோய் இருப்பது தெரிந்தும், ஆராய்ச்சி என்ற பெயரில் அரசு சுகாதாரத் துறையினர் கறுப்பின ஆண்களுக்குச் சிகிச்சை தராமல் வேடிக்கை பார்த்தார்கள். இந்தியாவின் நெருக்கடி நிலை: 1976-77-இல் மட்டும் 80 லட்சத்துக்கும் மேல் கருத்தடை அறுவைகள். அடுத்து வந்த அரசு ‘குடும்பக் கட்டுப்பாடு’ என்ற துறைப் பெயரையே ‘குடும்ப நலம்’ என்று மாற்ற வேண்டி வந்தது. அந்தச் சொல்லே ஆகாத சொல்லாகிவிட்டது.

மூன்றாவதுக்கு வருகிறேன், நான் வந்ததே இதற்காகத்தான். என் அம்மாவுக்கு ஒரு மருந்து ஒத்துக்கொள்ளாமல் உடம்பெல்லாம் தடித்து இரண்டு நாள் மூச்சுத் திணறியது. குணமான பிறகு, அதைத் தெரிவிக்க ஓர் அலுவலகத்துக்குக் கூட்டிப் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் படிவத்தை எடுத்தார். “மருந்துக்குப் பின் பாதிப்பு” என்று ஒரு கட்டம். அம்மா வாய் திறக்கும் முன் அவர் பேனா ‘இல்லை’ என்பதில் டிக் அடித்துவிட்டது. நீல மை, கொஞ்சம் அழுத்தமாகவே விழுந்தது. கெட்ட மனிதர் அல்ல; நூறு படிவத்தில் அப்படியே செய்து பழகிய கை. அம்மா அந்த டிக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு எந்த அறிவிப்பு வந்தாலும், “அவர்கள்தான் முதலிலேயே எழுதி வைத்திருப்பார்களே” என்பார். அவரிடம் நான் எந்தப் புள்ளிவிவரத்தைக் காட்டி வாதாடுவது?

அதனால்தான், மருந்தாலோ ஊசியாலோ தனக்கு நடந்ததைச் சொல்கிறவர் பேச்சை எழுதி வைக்கும் பாதிப்புப் பதிவேடு கேட்டு நாங்கள் இயக்கம் நடத்துகிறோம். எந்தக் கட்டாய உத்தரவு வந்தாலும் அதிலேயே மூன்று வரி இருக்க வேண்டும்: எதற்காக, எந்தத் தேதி வரை, பாதிக்கப்பட்டவர் யாரிடம் சொல்ல வேண்டும். சொல்வதை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுத வேண்டும், பதிவு எண் தர வேண்டும், பதில் தர வேண்டும். இது நடக்காத காரியம் அல்ல. அமெரிக்காவில் 1986-இல் தடுப்பூசிப் பாதிப்புக்கு இழப்பீட்டுச் சட்டம் வந்தது. 1990 முதல் பாதிப்பைப் பதியும் அமைப்பு நடக்கிறது, அதில் மருத்துவர் மட்டுமில்லாமல் யார் வேண்டுமானாலும் தெரிவிக்கலாம். பதிவான எல்லாமே ஊசியால் வந்ததாகி விடாது, அதை ஆராய்ந்து பிரிப்பது நிபுணர் வேலை. ஆனால் முதலில் எழுத வேண்டும் அல்லவா? மருத்துவர் அம்மா தலையசைக்கிறார், எனக்கு அது போதும்.

கோரிக்கைத் தாள் வாசல் மேசையில் இருக்கிறது. முன்பக்கம் கையெழுத்துக்கு. பின்பக்கம் முழுக்கக் காலியாக விட்டிருக்கிறோம், உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள். எழுத வராதவர்கள் சொன்னால், எங்கள் தோழர்கள் கேட்டு, எழுதி, படித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்து வாங்குவார்கள். நன்றி, வணக்கம்.