ஞாயித்துக்கிழமை ஏழு மணி, ஆன் சின்க்ளேர்

எல்லாருக்கும் வணக்கம். பிரெஞ்சு டிவில அரசியல் பேசின ஒரு ஜர்னலிஸ்ட்டப் பத்தி பேசணும்னதும் எனக்கு ஆன் சின்க்ளேர்தான் ஞாபகம் வந்தாங்க. நெட்ல அவங்க பேரைத் தட்டினா மொதல்ல வர்றது அப்போதைய புருஷன் விவகாரம், 2011ல அவர் நியூயார்க்ல கைதானது அது இதுன்னு, அதெல்லாம் இன்னைக்கு வேணாம், அந்தம்மா பாத்த வேலையப் பேசுவோம்.

1984லேந்து 1997 வரைக்கும் டி.எஃப்.1 சேனல்ல ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு 'செட் சூர் செட்'. அந்த வாரத்து நியூஸை வச்சுகிட்டு கெஸ்ட்டோட உக்காந்து பேசுறது, அவ்ளோதான் ப்ரோக்ராம். ஜனாதிபதி மித்தெரான்லேந்து பாடகி மடோனா வரைக்கும் வந்திருக்காங்க. தீவிர வலதுசாரி ழான்-மரி லெ பென்னை மட்டும் கூப்பிடவே மாட்டேன்னுட்டாங்க. இவங்க தாத்தா பால் ரோசன்பர்க், பிக்காசோ ஓவியங்களை வித்த யூத வியாபாரி, 1940ல நாஜிகளுக்குத் தப்பி நியூயார்க் போனவர், ஆன் பொறந்ததே அங்கதான், 1948ல. அந்தக் கோபம் எனக்குப் புரியுது, ஆனா லட்சக்கணக்குல ஓட்டு வாங்குற ஆளை உக்காரவச்சு நாலு கேள்வி கேக்கத்தானே ஜர்னலிஸ்ட்டு? எனக்கு இதுல அரை மனசுதான்.

இப்ப 1994 டிசம்பர் 11க்கு வாங்க. கெஸ்ட் ழாக் டெலோர், ஐரோப்பிய கமிஷன் தலைவர். அடுத்த வருஷம் ஜனாதிபதி தேர்தல், இவர் நின்னா ஜெயிச்சிருவார்னு கருத்துக்கணிப்பு சொல்லுது, சோஷலிஸ்ட் கட்சி இவரைத்தான் மலை மாதிரி நம்பியிருக்கு, ஒரு கோடிக்கு மேல ஜனம் டிவி முன்னாடி. மனுஷன் ப்ரோக்ராம் பூரா பேசிட்டு கடைசில எழுதி வச்சிருந்த பேப்பரை எடுத்து வாசிக்கிறார், எனக்கு எழுபது வயசாகப் போகுது, நான் நிக்கலன்னு. ஒரு நாட்டோட அடுத்த ஜனாதிபதி யாருங்கற கணக்கு ஒரு டிவி ஸ்டுடியோவுலயே மாறிப்போச்சு.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. டெலோர் ஒதுங்கினதால அதே கட்சி ஜோஸ்பன் நின்னார், 1995ல வலதுசாரி சிராக்கிட்ட தோத்தார், ஆனா கட்சி அவர் கைக்கு வந்துருச்சு. 1997ல சிராக் தானா போய் பார்லிமென்ட்டைக் கலைச்சு தேர்தல் வச்சு தோத்து மாட்டிக்கிட்டார், ஜோஸ்பன் பிரதமர், அவரோட நிதி மந்திரி டொமினிக் ஸ்ட்ராஸ்-கான், அதாவது அப்ப ஆனோட புருஷன். அந்தம்மா ப்ரோக்ராமை விட்டுட்டாங்க.

அவரை 1991ல கல்யாணம் பண்ணப்பவே அவர் தொழில்துறை மந்திரி, அப்ப இவங்க விடல. நிதி வேற லெவல், பட்ஜெட், வரி, யூரோ எல்லாம் அவர் கைல, எந்த கெஸ்ட் வந்தாலும் பேச்சு புருஷன் கிட்டதான் போய் நிக்கும். அதனால விலகினது நியாயம்னு நான் ஒத்துக்கறேன். ஆனா, பொண்டாட்டி டிவில இருக்காங்க, நீங்க மந்திரி பதவி வேணாம்னு சொல்லுங்கன்னு ஸ்ட்ராஸ்-கானை யாராச்சும் கேட்டதா நான் படிச்சதில்ல. 2007 தேர்தல் சமயத்துல மந்திரி போர்லோவோட மனைவி பெயாத்ரிஸ் ஷோன்பெர்க் பிரான்ஸ் 2ல நியூஸ் வாசிக்கறதை விட்டு விலகினாங்க. 2019ல ரஃபேல் க்ளூக்ஸ்மன் ஐரோப்பிய பார்லிமென்ட் தேர்தல்ல நின்னார், ஒதுங்கினது அவரோட வாழ்ந்த ஜர்னலிஸ்ட் லியா சலாமே. மூணு தடவையும் மைக்கைக் கீழ வச்சது பொம்பளைதான்.

சின்க்ளேர் அதோட முடங்கிடல, டி.எஃப்.1 இன்டர்நெட் கம்பெனிக்குப் போனாங்க, 2012ல ஹஃபிங்டன் போஸ்ட்டோட பிரெஞ்சு பதிப்பு ஆரம்பிச்சப்ப அதுக்கு எடிட்டோரியல் டைரக்டர் ஆனாங்க. சரி, கேள்வி இருந்தா கேளுங்க.