வட்டியில்லாக் கடனின் வட்டி

நேயர்களுக்கு வணக்கம்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பண நிர்வாகத்தைப் பாடமாக வைக்க வேண்டுமா என்று கேட்டு, அதைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். நான் ஆசிரியர் இல்லை. தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் நடுவில் ஒரு கடற்கரை ஊரில் முப்பத்தோரு வருடம் கிளை அஞ்சலகம் நடத்தியவன். ஒரு மேசை, ஒரு தராசு, ஒரு முத்திரை, ஒரு இரும்புப் பெட்டி, அவ்வளவுதான் எங்கள் ஆபீஸ். அந்த மேசைக்கு எதிரே வந்து நின்றவர்களிடம் நான் பார்த்ததையும் கேட்டதையும் வைத்துத்தான் பேசப் போகிறேன்.

வேண்டும் என்பது என் பதில். ஏன் வேண்டும் என்பதை என் வீட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

என் அப்பாவுக்கு ஒரு வத்தை, அதாவது நாட்டுப்படகு, இருந்தது. நண்டு வலைக்குப் போவார். எஞ்சின் மாட்ட வேண்டும் என்று நினைத்தபோது, நண்டு எடுக்கும் வியாபாரி ஒருவர் பணம் கொடுத்தார். வட்டி கிடையாது. வாங்கிய பணத்தை எப்போது முடிகிறதோ அப்போது கொடுத்தால் போதும். ஒரே ஒரு பேச்சுதான்: பாடு, அதாவது கடலில் கிடைப்பது முழுவதையும் அவரிடமே போட வேண்டும், அவர் சொல்லும் விலைக்கு. அந்த விலை எப்போதும் வெளி விலையைவிடக் கொஞ்சம் குறைவாகவே இருக்கும். கொஞ்சம்தானே என்று அப்பா நினைத்தார். கண்ணை மூடும் வரைக்கும், "வட்டி வாங்காத மனுஷன்பா அவர்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் வேலைக்குச் சேர்ந்து, அடுத்தவர் பாஸ்புக்கில் வட்டி எழுதிப் பழகிய பிறகு, ஒரு நாள் ராத்திரி உட்கார்ந்து அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். இன்றைய தொகைக்கு மாற்றிச் சொல்கிறேன். முன்பணம் ஒரு லட்சம். ஒரு நாளைக்கு 15 கிலோ நண்டு. கிலோவுக்கு 20 ரூபாய் குறைவு. அப்படியானால் நாளைக்கு 300 ரூபாய் போகிறது. வருடத்தில் 200 நாள் கடலுக்குப் போனால் 60,000. ஒரு லட்சத்துக்கு வருடம் 60,000! அதையும் கொடுத்த பிறகு, முதல் ஒரு லட்சம் அப்படியே நிற்கும். அடுத்த வருடம் இன்னொரு 60,000.

விவசாயிக்குக் கொடுப்பது போன்ற கடன் அட்டை 2018-19இலிருந்து மீனவருக்கும் உண்டு. வட்டி நூற்றுக்கு 7. தவணை தவறாமல் கட்டினால் 4. அதே ஒரு லட்சத்துக்கு வருடம் 4,000 ரூபாய்.

அந்த வியாபாரியைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. என் தங்கை பிறந்த ராத்திரி, அம்மாவுக்கு முடியாமல் போனபோது, காரும் பணமும் கொண்டுவந்து வாசலில் நின்றவர் அவர். எந்த வங்கியும் ராத்திரி இரண்டு மணிக்குக் கதவைத் திறக்காது. அப்பா அவரிடம் போனதில் தப்பே இல்லை. ஆனால் என்ன விலை கொடுக்கிறோம் என்று தெரிந்து போயிருக்கலாம். அது தெரியாமலே ஒரு ஆயுசு போய்விட்டது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

இதற்குத் தேவைப்பட்ட கணக்கு என்ன? பெருக்கல். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போடும் பெருக்கல்.

சரி, பாடப் புத்தகத்தில் இதெல்லாம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. நம் எட்டாம் வகுப்புச் சமூக அறிவியலில் பணம், சேமிப்பு, முதலீடு பற்றித் தனிப் பாடம் உண்டு. கணக்குப் புத்தகத்தில் 'வாழ்வியல் கணிதம்' என்றே ஒரு இயல் இருக்கிறது. தனிவட்டி, கூட்டுவட்டி எல்லாம் அதில் வருகிறது. பிள்ளைகள் அழகாகப் போடுகிறார்கள், மார்க்கும் வாங்குகிறார்கள். ஆனால் புத்தகத்தில் வட்டி ஆண்டுக்கு. தெருவில் வட்டி மாதத்துக்கு. 'மூணு வட்டி' என்று ஒருவர் சொன்னால், அது நூற்றுக்கு மாதம் மூன்று, ஆண்டுக்கு 36. புத்தகத்தில் 9 சதவீதம் படித்த பிள்ளைக்கு, தெருவில் கேட்கும் 3 சின்ன எண்ணாகத் தெரிகிறது. இரண்டையும் ஒன்றாக வைத்துக் காட்ட ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் வகுப்பறையில்தான் இருக்க முடியும், ஏனென்றால் ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பது அங்கே மட்டும்தான்.

ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடம் முன்பு, எங்கள் ஊர்ப் பள்ளியில் சேமிப்பைப் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். உண்டியல், சிறுசேமிப்பு என்று வழக்கமாகப் பேசுவதை எழுதி எடுத்துக்கொண்டு போயிருந்தேன். பேசிக்கொண்டிருக்கும்போது முன்வரிசையில் ஒரு பாப்பா கணக்கு நோட்டுக்குள்ளிருந்து ஒரு மஞ்சள் அட்டையை எடுத்தது. தண்டல் அட்டை, தினமும் வீடு தேடி வந்து வசூலிக்கும் கடனுடையது. நூறு கட்டம் போட்டு, முப்பது முப்பத்தைந்து கட்டத்தில் பேனாவால் கையெழுத்துக் கிறுக்கியிருந்தது. மடக்கி மடக்கி நடுவில் கிழிந்து, செல்லோடேப் ஒட்டியிருந்தார்கள். அம்மா பாசி எடுக்கக் கடலுக்குப் போய்விடுவார், சாயங்காலம் தண்டல்காரர் வரும்போது நூறு ரூபாயைக் கொடுத்துக் கையெழுத்து வாங்குவது இந்தப் பிள்ளையின் வேலை.

நான் கொண்டுபோன காகிதத்தை மடித்துப் பையில் வைத்துவிட்டேன். கரும்பலகையில் அந்த அட்டையையே எழுதினோம். பேசிய தொகை 10,000. கையில் கொடுத்தது 8,500. தினம் 100 ரூபாய், 100 நாள். வட்டி எவ்வளவு என்று கேட்டேன். "பதினஞ்சு சார், நூத்துக்கு" என்று வகுப்பே சொன்னது.

"சரி, ஐம்பதாவது நாள் அந்த 8,500இல் அம்மா கையில் எவ்வளவு இருக்கும்?" என்று கேட்டேன்.

யோசித்தார்கள். தினமும் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருவதால் பாதிதான் இருக்கும் என்று ஒரு பையன் சொன்னான். அதைப் பிடித்துக்கொண்டு மேலே போனோம். நூறு நாளுக்கும் சராசரியாக அம்மாவின் கையில் இருந்தது நாலாயிரத்துச் சொச்சம்தான். அதற்கு 1,500 ரூபாய் வட்டி. அதுவும் மூன்று மாதம் பத்து நாளுக்கு. ஆண்டுக்கு என்று பார்த்தால் நூற்றுக்கு 120க்குக் குறையாது. எழுதி முடித்துவிட்டுத் திரும்பினேன். சத்தமே இல்லை.

"நகையைக் கூட்டுறவு வங்கியில் வச்சா இதுல பத்துல ஒரு பங்குதானே சார் வட்டி?" என்று அந்தப் பையனே கேட்டான். அவன் அப்பா எப்போதோ வைத்திருக்கிறார் போல. நான் ஆமாம் என்று சொல்வதற்குள் அந்தப் பாப்பா மெதுவாகச் சொன்னது: "நகை எல்லாம் முதல்லயே போயிருச்சு சார்."

நேயர்களே, இந்த விஷயத்தை எதிர்ப்பவர்கள் சொல்லும் காரணம் அந்த ஒரு வரியில் இருக்கிறது. ஏழைக்குக் கணக்குத் தெரியாததால் அவன் ஏழையாக இல்லை. வருமானம் இல்லாததால் ஏழையாக இருக்கிறான். அவனுக்குச் சிக்கனம் சொல்லிக்கொடுப்பது அவன்மேலேயே பழியைப் போடுவது என்கிறார்கள். இதை நான் பாதிக்குமேல் ஒத்துக்கொள்கிறேன். இடுப்பளவு தண்ணீரில் பாறையில் கால் வெட்டிக்கொண்டு பாசி எடுக்கும் பெண்ணுக்குச் சிக்கனம் சொல்லிக்கொடுக்க யாருக்கும் தகுதி இல்லை. அவருக்குத் தெரிந்த சிக்கனம் நமக்குத் தெரியாது. ஆனால் கணக்குத் தெரிவதும் சிக்கனமும் ஒன்றல்ல. நாலு பேரிடம் கடன் வாங்கும் நிலைமை இருந்தால், அந்த நாலில் எதை முதலில் அடைக்க வேண்டும் என்று தெரிந்தாலே ஒரு வீடு மூச்சு விடும். எங்கள் ஊரில் பலரும் முதலில் அடைப்பது, வாசலில் வந்து சத்தம் போடுகிறவரின் கடனை. அடைக்க வேண்டியது வட்டி கூடுதலான கடனை.

இன்னொன்று. பண நிர்வாகம் என்று புத்தகங்களில் வருவதெல்லாம் மாதச் சம்பளக்காரருடைய கணக்கு. ஒன்றாம் தேதி வருமானம், இத்தனை பங்கு செலவு, இத்தனை பங்கு சேமிப்பு. நம் கரையில் எத்தனை வீட்டில் ஒன்றாம் தேதி இருக்கிறது? இங்கே பாடுதான். பாடு இருந்தால் ஒரே நாளில் ஐயாயிரம், இல்லையென்றால் டீசலுக்கும் ஐஸுக்கும் கைக்காசு போகும். வாடை அடிக்கும் மாதங்களில் நாட்டுப்படகு கரையில் கிடக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடைக்காலம். அரசு கொடுக்கும் நிவாரணம் 8,000 ரூபாய். வகுத்துப் பார்த்தால் நாளைக்கு 131 ரூபாய், ஒரு குடும்பத்துக்கு.

இந்தக் கணக்கைத்தான் நம் பள்ளிகளில் போட வேண்டும். வருடத்தில் எந்த மாதம் வரவு, எந்த மாதம் வறட்சி என்று பிள்ளைகள் தங்கள் வீட்டை வைத்தே ஒரு தாளில் எழுதட்டும். மீனவர் சேமிப்பு நிவாரணத் திட்டம் ஒன்று இருக்கிறது. மீனவர் கொஞ்சம் கொஞ்சமாக 1,500 ரூபாய் கட்டினால், மத்திய மாநில அரசுகள் சேர்ந்து 3,000 போட்டு, மீன்பாடு குறைந்த காலத்தில் 4,500ஆகத் திருப்பித் தருகின்றன. போட்டது மூன்று மடங்காகத் திரும்பும் சேமிப்பு வேறு எங்கே இருக்கிறது? அப்படியும் தவணை விட்டுப்போய் நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பணம் இல்லாமல் விட்டவர்கள் சிலர். விட்டால் எவ்வளவு நஷ்டம் என்று யாரும் சொல்லாததால் விட்டவர்கள் அதிகம்.

எங்கள் அஞ்சலகத் தொடர் வைப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்.டி. என்றால் எல்லோருக்கும் தெரியும். மாதம் 100 ரூபாயிலிருந்து ஐந்து வருடம். நாலு தவணைக்குமேல் தவறினால் கணக்கு நின்றுவிடும், பிறகு இரண்டு மாதத்துக்குள் புதுப்பிக்க வேண்டும். தடைக்காலமும் வாடையும் சேர்ந்தால் நம் ஆட்களுக்கு நாலு தவணை சுலபமாகத் தவறிப்போகும். எத்தனையோ கணக்கு அப்படி நின்றிருக்கிறது. ஆனால் அதே திட்டத்தில் ஆறு மாதத் தவணையை மொத்தமாக முன்கூட்டியே கட்டலாம். அதற்குச் சின்னத் தள்ளுபடியும் உண்டு. பாடு நன்றாக இருக்கும்போது ஆறு மாதத்தைக் கட்டிவிட்டால் தடைக்காலம் தானாகக் கடந்துவிடும். இதை நான் ஒவ்வொருவருக்கும் மேசையில் வைத்துச் சொல்லியிருக்கிறேன். ஆனால் என் மேசைக்கு வராதவர்களுக்கு யார் சொல்வது?

கீழக்கரை, தொண்டிப் பக்கம் கதை வேறு. அங்கே வெளிநாட்டுப் பணம் வருகிறது. அங்கே ஆபத்து, "மாதம் நூற்றுக்குப் பத்து தருகிறோம்" என்று வந்து நிற்கும் கம்பெனிகள். இந்த மாதிரி மோசடிக்கென்று தமிழ்நாட்டில் 1997இலேயே தனிச் சட்டம் வந்தது, 2019இல் மத்தியச் சட்டமும் வந்தது. ஆனால் பணம் போன பிறகுதான் சட்டம் வரும். மாதம் பத்து என்றால் ஆண்டுக்கு 120, எந்தத் தொழிலில் இவ்வளவு லாபம் கிடைக்கிறது என்று கேட்கும் பழக்கம் முன்னாலேயே இருக்க வேண்டும். தண்டல் அட்டையில் பார்த்த அதே 120தான், கவனித்தீர்களா? வாங்கும்போது அநியாயமாகத் தெரியும் எண், கொடுப்பதாகச் சொல்லும்போது மட்டும் எப்படி நியாயமாகும்?

அப்புறம் செல்போன். பணம் வருவதற்கு ரகசிய எண் போடத் தேவையில்லை. போடச் சொல்கிறார்கள் என்றால் பணம் உங்களிடமிருந்து போகிறது. ஏமாந்துவிட்டால் உடனே 1930க்குப் பேசுங்கள். இதைப் பிள்ளைகள் வீட்டுக்குப் போய் ஆச்சிமாருக்குச் சொன்னால், அதுவே பெரிய வேலை.

பள்ளிகளிடம் ஒரு வேண்டுகோள். பணப் பாடம் நடத்துகிறோம் என்று ஏதாவது ஒரு நிறுவனத்தின் ஆளை வகுப்புக்குள் விட்டுவிடாதீர்கள். எந்த நிறுவனமானாலும் சரி, அஞ்சலகமே ஆனாலும் சரி. விற்க வந்தவர் சொல்வது பாடம் ஆகாது. நான் அன்று போனபோது படிவக்கட்டையும் கையில் எடுத்துக்கொண்டுதான் போனேன். அந்த மஞ்சள் அட்டையைப் பார்த்த பிறகு அதை வெளியில் எடுக்க மனம் வரவில்லை. கணக்கு வாத்தியாரே நடத்தட்டும். தனிப் பாடம் வேண்டாம், தனிப் பரீட்சை வேண்டாம். இருக்கும் வாழ்வியல் கணிதத்தில் தண்டலும் சீட்டும் நண்டு விலையும் உதாரணமாக வரட்டும். பிள்ளைகள் வீட்டுக் கடனை வகுப்பில் சொல்லும்படி கட்டாயப்படுத்தக் கூடாது. அந்தப் பாப்பா தானாக எடுத்துக் காட்டியது, அது வேறு.

பத்து வயது முடிந்த பிள்ளை அஞ்சலகத்தில் தன் பெயரில், தன் கையெழுத்தில் சேமிப்புக் கணக்கு நடத்தலாம். அந்த வகுப்புக்குப் பிறகு ஏழெட்டுப் பிள்ளைகள் வந்தார்கள். நகைக்கடன் பற்றிக் கேட்ட பையனும் வந்தான். வழக்கமாகப் படிவத்தைக் கொடுத்து, பெருக்கல் குறி போட்ட இடத்தில் விரலை வைத்தால் எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். அப்படித்தான் முப்பது வருடமாக நடந்தது. அவன் பேனாவை மூடியபடியே வைத்துக்கொண்டு மேலிருந்து படிக்க ஆரம்பித்தான். பென்ஷனுக்கு வந்த பாட்டிமார் ஐந்தாறு பேர் அவன் பின்னால் நின்றுகொண்டிருந்தார்கள். இரண்டாம் பக்கத்துக்கு வந்ததும் தலையை நிமிர்த்தி, "நாமினின்னா யாரு சார்? ஏன் போடணும்?" என்று கேட்டான். பாட்டிமாரும் பேச்சை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள். நான் முத்திரையைக் கீழே வைத்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லத் தொடங்கினேன்.

நன்றி, வணக்கம்.