ஜமைக்காவின் பழைய டப் டேப்புகள்: பெட்டியிலிருந்து வெளியே வந்த கதை

[திரை இருட்டு. டிரம்ஸும் பேஸும் மட்டும் ஒலிக்கின்றன. ஒரு குரல் அரை வார்த்தை பாடுகிறது. அந்த அரை வார்த்தை திரும்பத் திரும்ப எதிரொலித்துத் தேய்ந்து மறைகிறது.]

பாட்டு எங்கே போயிற்று என்று தோன்றுகிறதா? பாடகர் வந்தார், அரை வார்த்தை பாடினார், போய்விட்டார். கிதார் ஒரு வெட்டு வெட்டியதோடு சரி. 1970களில் ஜமைக்காவின் தலைநகரம் கிங்ஸ்டனில், ஏற்கெனவே பதிவான ரெகே பாட்டைப் பாகம் பாகமாகக் கழற்றி, அதே பாகங்களை வைத்து வேறொன்றைக் கட்டினார்கள். அதற்குத்தான் டப் என்று பெயர்.

கடந்த முப்பது வருடங்களாக இந்தப் பதிவுகள் "காப்பகத்திலிருந்து", "இதுவரை வெளிவராதது" என்ற அட்டையோடு வந்துகொண்டே இருக்கின்றன. ஐம்பது வருடப் பழைய இசை இன்னும் எப்படிப் புதிதாகக் கிடைக்கிறது? இத்தனை நாள் எங்கே கிடந்தது? அட்டையில் எழுதியிருப்பதை எவ்வளவு தூரம் நம்பலாம்? பார்க்கலாம்.

[படம்: தெருவோரம் ஆள் உயரத்துக்கு அடுக்கிய ஸ்பீக்கர் பெட்டிகள்]

ஜமைக்காவில் அன்றைக்கு ஏழை மக்கள் பாட்டுக் கேட்ட இடம் தெரு. சவுண்ட் சிஸ்டம் வைத்திருப்பவர் திறந்தவெளியில் ஸ்பீக்கர்களை அடுக்கி இசைத்தட்டு போடுவார், கூட்டம் காசு கொடுத்து வந்து ஆடும். ஊரில் பல சவுண்ட் சிஸ்டங்கள். எவரிடம் மற்றவரிடம் இல்லாத தட்டு இருக்கிறதோ அவர் பக்கம் கூட்டம் சாயும். அதனால் கடைக்கு வராத பாட்டை, ஒரே ஒரு பிரதியாக வெட்டி வாங்குவது வழக்கமானது. அலுமினியத் தட்டின்மேல் மெல்லிய அரக்குப் பூச்சு, அதில் நேரடியாக வெட்டிய பள்ளம். இதை அசிடேட் என்பார்கள், டப் பிளேட் என்பார்கள்.

1960களின் கடைசியில் ரட்டி ரெட்வுட் என்ற சவுண்ட் சிஸ்டம்காரர் ட்ரெஷர் ஐல் ஸ்டுடியோவில் அப்படி ஒரு தட்டு வெட்டக் கொடுத்தார். ஒலிப்பதிவுப் பொறியாளர் பைரன் ஸ்மித் குரல் டிராக்கை, அதாவது குரல் மட்டும் தனியாகப் பதிவான பகுதியை, திறக்காமலேயே வெட்டிவிட்டார். பரவாயில்லை, இப்படியே இருக்கட்டும் என்று ரெட்வுட் எடுத்துப் போனார். ஸ்பானிஷ் டவுனில் அன்றைய ஆட்டத்தில் முதலில் பாட்டைப் போட்டார், அடுத்து குரல் இல்லாத தட்டைப் போட்டார். கூட்டமே பாட ஆரம்பித்துவிட்டது.

தயாரிப்பாளர்களுக்கு இதில் இன்னொரு லாபம் தெரிந்தது. சிங்கிள் தட்டின் பின்பக்கத்துக்கு இனி தனியாக ஒரு பாட்டு பதிவு செய்ய வேண்டாம், அதே பாட்டின் குரலை எடுத்துவிட்டுப் போட்டால் போதும். "வெர்ஷன்" என்ற சொல் அந்தப் பின்பக்கத்துக்கு ஒட்டிக்கொண்டது. காசு மிச்சம் பிடிக்கப் போய் ஒரு கலை பிறந்தது என்றால் மிகையில்லை.

[படம்: வாட்டர்ஹவுஸ் பகுதியின் ஒரு சின்ன வீடு, கம்பிக் கதவு]

இங்கேதான் கிங் டப்பி வருகிறார். இயற்பெயர் ஆஸ்போர்ன் ரடக். 1941-இல் கிங்ஸ்டனில் பிறந்தவர். அடிப்படையில் ரேடியோ ரிப்பேர்காரர். டிரான்ஸ்பார்மர் சுற்றுவார், ஆம்ப்ளிஃபயர் கட்டுவார். டப்பிஸ் ஹோம்டவுன் ஹை-ஃபை என்று சொந்தமாக ஒரு சவுண்ட் சிஸ்டம் வைத்திருந்தார். வாட்டர்ஹவுஸில் 18, ட்ரோமிலி அவென்யூ வீட்டுக்குள்ளேயே ஒரு ஸ்டுடியோ போட்டார். குளியலறைதான் பாடகர்கள் நின்று பாடும் அறை. ஒரு இசைக்குழுவை உட்கார வைத்து வாசிக்கவிட அங்கே இடம் கிடையாது. டிரம்ஸ், பேஸ் எல்லாம் வேறு ஸ்டுடியோக்களில் பதிவாகி, டேப்பாகத்தான் இங்கே வந்து சேரும்.

அந்த இடப் பற்றாக்குறையும் ஒரு விதத்தில் நல்லதாகப் போயிற்று. வாசிப்பவர்கள் இல்லாத ஸ்டுடியோவில், ஒவ்வொரு டிராக்கின் சத்தத்தையும் கூட்டிக் குறைக்கும் மிக்ஸிங் போர்டுதான் வாத்தியம்.

[நெருக்கக் காட்சி: ஃபேடர்களின் மேல் இரண்டு கைகள்]

ஒரு டப் மிக்ஸ் எப்படி நடக்கும் என்று கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். கையில் இருப்பது நான்கு டிராக் டேப். பொதுவாக ஒன்றில் டிரம்ஸ், ஒன்றில் பேஸ், ஒன்றில் கிதாரும் ஆர்கனும் சேர்ந்து, கடைசியில் குரல். டேப் ஓட ஆரம்பித்ததும் டப்பி குரலை ஒரு நொடி திறந்து மூடுவார். திறந்த அந்த நொடியில் குரலை எதிரொலிக்கும் இயந்திரத்துக்கு அனுப்பிவிடுவார். குரல் நின்றுபோகும், அதன் எதிரொலி மட்டும் தாளத்துக்கு நடுவே சுற்றிக்கொண்டிருக்கும்.

போர்டில் ஒரு பெரிய குமிழ் இருந்தது. அது ஒரு ஹை-பாஸ் ஃபில்டர். குமிழைத் திருகத் திருக, சத்தத்தின் அடிப்பகுதி படிப்படியாக உதிர்ந்து, முழு இசையும் தகர டப்பாவுக்குள் போய்விட்டது போல மெலிந்துவிடும். சட்டென்று பழைய நிலைக்குத் திருப்பினால் பேஸ் நெஞ்சில் வந்து மோதும். சத்தத்துக்கு முழக்கம் கூட்டும், சுருள் கம்பி வைத்த ரிவெர்ப் பெட்டியைக் கையால் ஓங்கித் தட்டினால் இடி இடிக்கும். அந்த இடிச் சத்தத்தையும் பதிவில் விட்டுவிடுவார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. கம்ப்யூட்டர் இல்லை, செய்ததை நினைவில் வைத்துத் திரும்பச் செய்யும் வசதி இல்லை. மூன்று, நான்கு நிமிடம் டேப் ஓடும்போது கை என்ன செய்கிறதோ அதுதான் மிக்ஸ். அது கால் அங்குல அகல டேப்பில் பதிவாகும், அல்லது நேரே அசிடேட்டில் வெட்டப்படும். அடுத்த முறை அதே டேப்பை ஓட்டினால் வேறு மிக்ஸ்தான் வரும்.

டப் காப்பகம் என்று பேசும்போது என்னைப் பொறுத்தவரை மொத்த விஷயமும் இங்கேதான் இருக்கிறது. நான்கு டிராக் மூல டேப் பத்திரமாக இருந்தும், அந்தக் கால் அங்குல டேப் தொலைந்திருந்தால் டப் தொலைந்துவிட்டது. வாத்தியங்கள் வாசித்தது மிஞ்சும், டப்பியின் கை மிஞ்சாது.

[படம்: துருப்பிடித்த டேப் டப்பாக்கள், கையெழுத்து மங்கிய லேபிள்கள்]

சரி, எப்படித் தொலைந்தது? முதல் காரணம் காசு. டேப் விலை அதிகம், அதனால் பழைய பதிவின் மேலேயே புதிதாகப் பதிவு செய்தார்கள். அசிடேட் இன்னும் மோசம், ஊசி ஓட ஓடப் பள்ளம் தேயும். எல்.பி. என்ற முழு ஆல்பத் தட்டுகளாக வந்தவையும் குறைந்த எண்ணிக்கையில்தான் வந்தன. தயாரிப்பாளர் லீ "ஸ்க்ராட்ச்" பெர்ரியின் 1973-ஆம் வருட பிளாக்போர்டு ஜங்கிள் டப் முதலில் 300 பிரதிகள்தான் அச்சானது என்று சொல்வார்கள். அந்தப் பெர்ரி தன் வீட்டுப் பின்புறத்தில் கட்டிய பிளாக் ஆர்க் ஸ்டுடியோ பின்னாளில் எரிந்தே போனது. தானே கொளுத்தியதாக அவரே சொல்லியிருக்கிறார்.

கிங்ஸ்டனில், 17, நார்த் பரேடில் ராண்டிஸ் என்ற இசைத்தட்டுக் கடை இருந்தது. நடத்தியவர்கள் வின்சென்ட் சின், அவர் மனைவி பட்ரிஷியா சின். கடைக்கு மேல் மாடியில் ஸ்டுடியோ 17. பாப் மார்லியும் வெய்லர்ஸும் லீ பெர்ரியோடு சேர்ந்து பதிவு செய்த இடங்களில் அதுவும் ஒன்று. மகன் கிளைவ் சின்னும் பொறியாளர் எர்ரல் தாம்சனும் அங்கேதான் டப்பின் ஆரம்ப கால எல்.பி.க்களில் ஒன்றை உருவாக்கினார்கள்.

1970களின் அரசியல் வன்முறையில் ஊர் கொதித்தபோது குடும்பம் நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்தது. அங்கே அவர்கள் தொடங்கிய வி.பி. ரெக்கார்ட்ஸ் இன்று பெரிய நிறுவனம். வின்சென்ட்டின் முதல் எழுத்து, பட்ரிஷியாவின் முதல் எழுத்து, அவ்வளவுதான் பெயர். ஆனால் டேப்புகள் கிங்ஸ்டன் மாடியிலேயே கிடந்தன. கொள்ளை நடந்தது. 1988 செப்டம்பரில் கில்பர்ட் புயல் தீவையே புரட்டிப் போட்டது. இத்தனைக்கும் பிறகு மிஞ்சியிருந்ததை கிளைவ் சின் மீட்டெடுத்தார். அதைப் பற்றி ஒரு ஆவணப்படமே வந்திருக்கிறது.

[நெருக்கக் காட்சி: ரீல் சுற்றும்போது ஹெட்டில் பழுப்புப் பிசின் படிகிறது]

டேப் கிடைத்துவிட்டால் உடனே போட்டுக் கேட்டுவிட முடியாது. டேப் என்பது பிளாஸ்டிக் பட்டையின்மேல் பசையால் ஒட்டிய காந்தத் தூள். 1970களின் நடுவிலிருந்து வந்த சில வகை டேப்புகளில் அந்தப் பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துவிடும். கிங்ஸ்டனின் வெப்பத்துக்கும் புழுக்கத்துக்கும் சொல்லவே வேண்டாம். அப்படியே ஓட்டினால் தூள் உரிந்து, டேப்பைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டிக்கொள்ளும். உரிந்தது உரிந்ததுதான், திரும்ப வராது.

அதனால் டேப்பை வேக வைக்கிறார்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஏறத்தாழ 50, 55 டிகிரி வெப்பத்தில், சீராகச் சூடு பரவும் அடுப்பில் மணிக்கணக்காக வைத்து ஈரத்தை வெளியேற்றுவார்கள். அதன்பின் சில வாரங்களுக்கு டேப் ஒழுங்காக ஓடும். அதற்குள் கணினிக்கு மாற்றிவிட வேண்டும்.

மாற்றிய பிறகுதான் ரசனை தேவைப்படுகிறது. பழைய டேப் என்றால் பின்னணியில் 'ஸ்ஸ்' என்ற இரைச்சல் இருக்கும். மென்பொருள் அதைத் துடைத்துவிடும். ஆனால் டப்பில் எதிரொலி தேய்ந்து தேய்ந்து கடைசியில் அந்த இரைச்சலோடு கலந்துதான் மறைகிறது. இரைச்சலை வழித்தெடுத்தால் எதிரொலியின் வாலும் அறுந்துபோகும். சில மறுவெளியீடுகளை நான் அரைப் பாட்டோடு நிறுத்தியிருக்கிறேன், காரணம் இதுதான். இரைச்சல் இருந்துவிட்டுப் போகட்டும்.

[படம்: 1990களின் சி.டி. அட்டைகள்]

மறுவெளியீட்டு அலை பெரிதானது 1990களில். 1993-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் பிளட் அண்ட் ஃபயர் நிறுவனம் தொடங்கியது. ஸ்டீவ் பாரோ என்ற ரெகே ஆராய்ச்சியாளர் முன்நின்றார், சிம்ப்ளி ரெட் குழுவின் பாடகர் மிக் ஹக்னலும் பங்காளி. தயாரிப்பாளர்களிடம் முறையாக உரிமை வாங்கி, நல்ல அட்டை போட்டு, யார் வாசித்தது, எங்கே பதிவானது என்று விவரம் எழுதி வெளியிட்டார்கள். அதுவரை ரெகே மறுவெளியீடு என்றால் பெரும்பாலும் மங்கலான அட்டை, பெயரில்லாத இசைக்கலைஞர்கள். லண்டனின் பிரஷர் சவுண்ட்ஸும் அதே காலத்தில் வந்ததுதான். நியூயார்க் பிராங்க்ஸில் லாயிட் பார்ன்ஸ் நடத்திய வாக்கீஸ் நிறுவனத்தின் பதிவுகளை பெர்லினின் பேசிக் சேனல் என்ற டெக்னோ இசை ஆட்கள் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

இனி அட்டை விஷயம். "அரிய டப்" என்று போட்டிருந்தால் அதற்குள் குறைந்தது மூன்று வேறு விஷயங்களில் ஒன்று இருக்கலாம். அன்றைக்கே மிக்ஸ் செய்து வெளியிடாமல் விட்ட டேப்பாக இருக்கலாம், அதிர்ஷ்டம். டேப் போய்விட்டதால், மிஞ்சிய தட்டிலிருந்து எடுத்ததாக இருக்கலாம். 2010-இல் பிரஷர் சவுண்ட்ஸ் வெளியிட்ட சவுண்ட் சிஸ்டம் ஸ்க்ராட்ச் தொகுப்பு அப்படிப்பட்டது, பெர்ரி 1973 முதல் 1979 வரை டப் பிளேட்டுகளுக்காகச் செய்த மிக்ஸ்கள். ஊசி தேய்த்த சத்தம் கேட்கத்தான் செய்யும், ஆனால் அந்தக் கை அங்கே இருக்கிறது.

மூன்றாவது வகையில்தான் எனக்கு வருத்தம். பழைய மூல டேப்பை எடுத்து, இன்றைக்கு ஒருவர் புதிதாக டப் செய்து, முன்னட்டையில் 1970களின் படத்தைப் போட்டு விற்பது. இசை நன்றாகவே இருக்கலாம். ஆனால் மிக்ஸ் செய்தது யார், எந்த வருடம் என்று பின்னட்டையில் தெளிவாக எழுதாவிட்டால் அது ஏமாற்றுதான்.

பெயரிலும் இதே குழப்பம். கிங் டப்பி என்று போட்டால் விற்கும் என்பதால் அவர் தொடாததற்கும் அவர் பெயர் விழுந்திருக்கிறது. அவர் ஸ்டுடியோவிலேயே பிலிப் ஸ்மார்ட், பின்னாளில் கிங் ஜாமி என்று அறியப்பட்ட பிரின்ஸ் ஜாமி, சயின்டிஸ்ட் என்று இளைஞர்கள் மிக்ஸ் செய்தார்கள். பிளட் அண்ட் ஃபயர் 1994-இல் கொண்டுவந்த டப் கான் கிரேஸி தொகுப்பில் 'கிங் டப்பியும் நண்பர்களும்' என்று போட்டது நேர்மை.

பணம் யாருக்குப் போகிறது? அன்றைய ஜமைக்காவில் டேப் யாரிடமோ உரிமையும் அவரிடம் என்பதுதான் நடைமுறை, அதாவது தயாரிப்பாளர். வாசித்தவர்களுக்கு அன்றைக்கே இவ்வளவு என்று கொடுத்துக் கணக்கை முடித்துவிடுவார்கள். மிக்ஸ் செய்தவருக்கும் கூலிதான். நாட்டுக்கென்று தனிப் பதிப்புரிமைச் சட்டம் வந்ததே 1993-இல்தான், அதுவரை ஓடியது 1911-ஆம் வருட பிரிட்டிஷ் சட்டம். டப்பி அதைப் பார்க்கவில்லை. 1989 பிப்ரவரி 6 அன்று அவர் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் கை வைத்த மிக்ஸிங் போர்டு இன்று அமெரிக்காவின் சியாட்டிலில் ஒரு அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

[திரையில்: இரண்டு பாட்டுப் பெயர்கள்]

புதிதாகக் கேட்பவர்கள் எங்கே தொடங்கலாம் என்று கேட்பீர்கள். நேரே டப்புக்குப் போகாதீர்கள். ஜேக்கப் மில்லர் பாடிய 'பேபி ஐ லவ் யூ சோ' பாட்டை முதலில் இரண்டு முறை கேளுங்கள். மெலோடிகா என்ற, வாயால் ஊதி வாசிக்கும் சின்னக் கீபோர்டை வாசித்த அகஸ்டஸ் பாப்லோ தயாரித்தது. சாதாரணக் காதல் பாட்டுதான். அப்புறம் அதன் பின்பக்கம், 'கிங் டப்பி மீட்ஸ் ராக்கர்ஸ் அப்டவுன்'. முன்பக்கத்தைவிடப் பேர் வாங்கிய பின்பக்கம் அது. போன் ஸ்பீக்கரில் போட்டால் பேஸே கேட்காது, பாதி இசை போய்விடும், ஹெட்போன் மாட்டிக்கொள்ளுங்கள். நீங்கள் இப்போதுதான் கேட்ட வரி எங்கே அறுகிறது, எந்த இடத்தில் திரும்பி வருகிறது என்று பாருங்கள். இரண்டுக்கும் இணைப்பு கீழே கொடுத்திருக்கிறேன்.